நீ அம்மாவாம், நான் டாக்டராம்

அங்கன்வாடியிலும் பாலர் பள்ளியிலும் வேலை பார்க்கும் உங்களுக்குச் சொப்பு விளையாட்டைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் நடக்கும் பேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான்கு வயதுப் பிள்ளைகள் மூன்று பேர். "நீ அம்மாவாம், நான் டாக்டராம், இவனுக்குக் காய்ச்சலாம்." அந்த 'ஆம்' விழுந்ததும் குச்சி ஊசியாகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் நோயாளி எழுந்து ஓடப் பார்க்கிறான். "டேய், உனக்கு இன்னும் சரியாகல, படு!" இது டாக்டர் பேச்சல்ல, கூட விளையாடும் பிள்ளையின் அதட்டல். அடுத்த நொடியே, "வாயைத் திறங்க." மரியாதை திரும்பிவிட்டது, டாக்டரும் திரும்பிவிட்டார். ஆட்டத்துக்கு உள்ளே ஒரு பேச்சு, வெளியே நின்று ஒரு பேச்சு. சான் பிரான்சிஸ்கோ மிருகக்காட்சி சாலையில் குரங்குகள் பொய்ச் சண்டை போட்டதைப் பார்த்துத்தான் மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் இதை யோசித்தார். 'இது விளையாட்டு' என்கிற சேதியும் கூடவே போகாவிட்டால் விளையாட்டு நிற்காது என்று 1955-ல் எழுதினார்.

யார் அம்மா, எது அடுப்பு என்று தீர்மானிக்கவே பத்து நிமிடம் ஓடிவிடும். பதினைந்து நிமிடத்தில் மணி அடித்தால் பேரத்தோடு ஆட்டம் முடிந்தது. குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். மூன்று வயதுக்காரர்களுக்குத் தோசைக்கல் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்; அந்த வயதில் சண்டை பெரும்பாலும் சாமானுக்குத்தான். ஐந்து வயதில் சண்டை பாத்திரத்துக்கு, அதாவது அம்மா வேஷத்துக்கு. அவர்களுக்கு அச்சு அசலான பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப்பைவிடக் கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, பழைய துப்பட்டா, அட்டைப்பெட்டி மேல். எதுவாகவும் ஆகும்.

பிந்தி வரும் பிள்ளை "நானும் வரட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வராத" என்பதே பதில். திமிர் இல்லை. பாலர் பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கவனித்த சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ, கட்டிய ஆட்டம் கலைந்துவிடுமோ என்ற பயம்தான் அது என்றார். "சேர்த்துக்கோங்க" என்று நாம் உத்தரவு போட்டால் வந்தவன் ஒப்புக்குச் சப்பாணியாகி ஓரத்தில் உட்காருவான். பதிலாக, "கேஸ் சிலிண்டர் வந்திருக்குன்னு போய்ச் சொல்லு" என்று அவன் காதில் போடுங்கள். சமையல் நடக்கிற வீட்டில் சிலிண்டர்காரரை யார் திருப்பி அனுப்புவார்கள்?

"இட்லி என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று நாம் நுழைவதுதான் பெரிய இடைஞ்சல். கேட்ட கணமே அது மண்ணாகிவிடும். பேச வேண்டுமென்றால் வாடிக்கையாளராகப் போய் இரண்டு இட்லி பார்சல் கேளுங்கள்.

சாப்பாட்டு மணிக்கு முன் மூலையைக் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். நாளைக்கும் அதே ஆஸ்பத்திரிதான், கட்டில் போட்ட இடத்திலேயே இருக்கட்டும்.