ஆவுளியா மேய்ந்தால் உழவு, ஆமை மேய்ந்தால் அறுப்பு!

[திரையில்: கடலடி மணலில் வளைந்து போகும் ஒரு தடம்]

இந்தத் தடத்தைப் பாருங்கள். ஒரு சாண் அகலம், சில மீட்டர் நீளம். கடலுக்கு அடியில் யார் மண்வெட்டியை இழுத்துக்கொண்டு போனது?

மண்வெட்டி இல்லை, வாய்! கடல் பசுவின் வாய். பாக் நீரிணை மீனவர்கள் சொல்லும் பெயர் ஆவுளியா. 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரை எடை, யானைக்குத் தூரத்துச் சொந்தம். அறிமுகம் போதும், பந்திக்குப் போவோம்.

ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் உள்ளே போகும். கீழ்நோக்கி மடிந்த முகவாயை மணலில் அழுத்தி, இலை, தண்டு, வேர் என்று செடியையே பிடுங்கிவிடும். வேர் எதற்கு? மாவுச்சத்து மண்ணுக்குள் ஓடும் தண்டில்தான் இருக்கிறது. பனங்கிழங்குக்கு நாம் தோண்டுவதில்லையா, அதே கணக்குதான்.

அதிலும் ருசி பார்க்கும் ஆள்! நார் மிகுந்த உயரமான புல்லை ஒதுக்கிவிட்டு, மெல்லிசான குட்டைப் புல்லாகத் தேடும். வேடிக்கை என்னவென்றால், கிளறிய மணலில் முதலில் முளைப்பதும் அந்தக் குட்டைப் புல்தான். கூட்டமாகத் திரும்பத் திரும்ப உழுதால் நார்ப்புல் தலையெடுக்கவே முடியாது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் இதைக் கவனித்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் களையெடுக்கும் விவசாயி! எனக்கு இதற்காகவே ஆவுளியாவைப் பிடிக்கும்.

தின்றது செரிக்க ஒரு வாரம் வரை ஆகும். பெருங்குடல் மட்டுமே 25 மீட்டர் கூட இருக்கும். நடுவில் வாயு? நிறைய. அடுத்த கேள்வி.

கடலாமைகளில் ஒன்றான பேராமை வேறு ரகம். ரம்பம் போன்ற தாடையால் இலையை மட்டும் நறுக்கும். அப்புறம் அதே பாத்திக்குத் திரும்பி வந்து, புதுத் துளிரைக் கொய்யும். கீரைக்காரம்மா தோற்றார்! ஆனால் கூட்டம் கூடினால் வம்பு. லட்சத்தீவின் அகத்தித் தீவில் ஆமைகள் பெருகி, புல்வெளியையே மொட்டையடித்தன. புல் போனால் அதில் ஒதுங்கும் மீனும் போகும். அங்குள்ள மீனவர்களுக்கு ஆமை மேல் கோபம் வராமல் இருக்குமா?

நம் குழம்புக்கு வரும் ஓரா மீனும் கடற்புல் கொறிக்கும் ஆள்தான்.

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் கடலோரத்து மனோரா கோட்டைப் பக்கம் படகில் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்தத் தடத்தை நேரில் பார்த்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். படம் இருந்தால் அடுத்த வீடியோ உங்களுடையதுதான்.