ஓடினால்தான் படகு

அன்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷைரில் பிரான்ஸ்டன் என்று ஒரு கிராமம். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயும் அங்கே சந்திக்கின்றன. ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனி ஞாயிறு, பழைய சரக்குப் படகுகள் டஜன் கணக்கில் அந்த ஊரில் கூடும். அப்படியொரு கூடலில் நான் ஒரு படகில் உதவியாளாக இருந்தேன். அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

முதலில் படகைச் சொல்லிவிடுகிறேன். நீளம் ஏறக்குறைய 70 அடி, அகலம் வெறும் 7 அடி. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், செலவும் தண்ணீரும் மிச்சமாகட்டும் என்று லாக்குகளை, அதாவது தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, அந்த அளவுக்குக் குறுக்கினார். படகுகளும் அதே அளவில் வந்தன. 1761இல் வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி கால்வாய் வழியாக மான்செஸ்டருக்கு வரத் தொடங்கியதும் அங்கே கரியின் விலை பாதியாக இறங்கியது. ஒரு நாட்டின் தொழிலே இந்த ஒல்லிப் படகுகளை நம்பி வளர்ந்தது.

அப்புறம் ரயில் வந்தது, கூலி சரிந்தது. கரையில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் பல படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பின்பக்கம் சுமார் 10 அடி நீள அறை, அதுதான் வீடு. இறங்கியதும் இடப்பக்கம் கரி அடுப்பு. அதை ஒட்டி ஒரு அலமாரி, அதன் கதவை இறக்கினால் மேசை. அதற்கப்பால் குறுக்கே விரிக்கும் கட்டில். கதவெல்லாம் ரோஜாவும் கோட்டையும் வரைந்திருக்கும். ஒவ்வொரு இதழும் தூரிகையின் ஒரே இழுப்பு. திரும்பத் தீட்டுவது கிடையாது. அந்த அறையில் பிள்ளை பெற்று வளர்த்த பெண்களை நினைக்கும்போது எனக்கு அழகைவிட உழைப்புதான் கண்ணில் படுகிறது.

சரி, கூடல் நாளுக்கு வருகிறேன். சில படகுகளில் போலிண்டர் என்ற ஸ்வீடன் எஞ்சின் இருக்கிறது. திருகிக் கிளப்பச் சாவி இல்லை. ப்ளோலாம்ப் என்ற கைவிளக்கின் சீறும் நெருப்பை எஞ்சின் தலையில் உள்ள குமிழின் மேல் நிதானமாகக் காட்ட வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, பெரிய சக்கரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையைக் காலால் உதைக்க வேண்டும். 'டொங்க்... டொங்க்' என்று பிடித்துக்கொள்ளும். பின்னால் போக கியரும் கிடையாது. நின்றுவிடும் என்ற தறுவாய்வரை வேகத்தைக் குறைத்து, சரியான நொடியில் எண்ணெயைச் செலுத்தி எஞ்சினையே எதிர்ப்பக்கம் சுற்ற வைக்கிறார்கள். இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று காதால் கற்க வேண்டும்.

அணிவகுப்பு தொடங்கினால் இன்னொரு பாடம். எஞ்சின் படகுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு துணைப்படகு வரும். அதற்கு எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஆளுயர மரச் சுக்கான் ஒன்றுதான். முன்படகு திரும்புவதற்கு முன்பே பின்னால் இருப்பவர் திரும்பத் தயாராக வேண்டும். எதிரே இன்னொரு 70 அடி வருகிறது, இரு பக்கமும் கட்டிப்போட்ட படகுகள், நடுவில் கையகல இடைவெளி. எங்கள் படகில் சுக்கான் பிடித்த அம்மையார் கத்தவே இல்லை. விரலை லேசாக அசைப்பார், நாங்கள் கழியை ஊன்றுவோம்.

பெரும்பாலும் அணிவகுப்பின் தலையில் வருவது 'பிரசிடென்ட்' என்ற நீராவிப் படகு. ஃபெலோஸ், மார்ட்டன் அண்ட் கிளேட்டன் கம்பெனி 1909இல் பர்மிங்காமில் கட்டியது. பின்னாளில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் வைத்தார்கள். கடைசியில் கூடாகக் கிடந்ததை 1970களில் மீட்டு, திரும்பவும் நீராவியில் ஓடவைத்தார்கள்.

இவை பிழைத்ததே பெரிய காரியம். 1948இல் கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962–63 குளிரில் தண்ணீர் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தது. அந்த அடியோடு அரசின் ஒல்லிப் படகுகளுடைய சரக்கு வேலையும் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. லண்டன் பக்கம் சவுத்தாலில் உள்ள ஒரு ஜாம் ஆலைக்குக் கரி கொண்டுபோன கடைசி நெடுந்தூர ஓட்டம் 1970 அக்டோபரில் நின்றது. அந்தப் படகுகளை ஓட்டிய புளூ லைன் கம்பெனியின் இடம் இதே பிரான்ஸ்டன்தான். கால்வாய்களைத் தூர்ந்துபோக விடக் கூடாது என்று 1946இலேயே சங்கம் வைத்துப் போராடியவர்கள், 1950இல் மார்க்கெட் ஹார்பரோவில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகளைத் திரட்டிக் காட்டினார்கள். இன்றைய கூடல்களுக்கு அதுதான் தாய்.

இப்போது கரையில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. அடித்தகடு தேய்ந்தால் புதுத்தகடு வைக்கலாமா? அப்படியே மாற்றிக்கொண்டு போனால் பழைய படகு எங்கே மிஞ்சும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. மரப்படகைத் தரையில் ஏற்றிக் காட்சிக்கு வைத்தால் பலகை காய்ந்து இணைப்பு விரிகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், ஓட்டத் தெரிந்த கை இல்லாமல் போவது. தகட்டை எந்தப் பட்டறையிலும் செய்யலாம். போலிண்டரின் அந்த ஒரு நொடியை யார் சொல்லித் தருவது?

அன்று சுக்கான் பிடித்தவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். இந்த அவையில் வெல்டிங் தெரிந்தவர்கள், தச்சுவேலை தெரிந்தவர்கள், எதுவுமே தெரியாமல் கற்க ஆசைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். பிரசிடென்ட்டை ஓட்டுவது தன்னார்வலர்கள்தான். எலெஸ்மியர் போர்ட்டில் உள்ள தேசிய நீர்வழி அருங்காட்சியகத்திலும் தன்னார்வலர்களுக்கு இடம் உண்டு. எழுதிக் கேளுங்கள். வருகிற ஜூனில் பிரான்ஸ்டனுக்கு வருவதானால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். ஒரே வண்டியில் போய்விடலாம்.