எங்கும் போகாத பாலத்தின் அடியிலிருந்து

வணக்கம். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில், வாஷிங்டன் பார்க் தாவரப் பூங்காவின் வடக்கு ஓரத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் கான்கிரீட் தூண்களும் அவற்றின் மேல் ஒரு துண்டுத் தளமும் தெரிகிறதா? இரண்டு பக்கமும் அந்தரத்தில் அறுந்து நிற்கிறது. எங்கும் போகாத பாலம் என்றுதான் இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். 2015 கோடையில் நான் முதன்முதலாக வந்தபோது இது இன்னும் நீளமாக இருந்தது. பையன்கள் மேலே ஏறி ஏரியில் குதித்துக்கொண்டிருந்தார்கள், நம் ஊர்க் கிணற்றில் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதிப்பார்களே, அதே தோரணை! பிறகு பெரும்பகுதியை இடித்துவிட்டு, நினைவுக்காக இந்தத் துண்டை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இது ஒரு பெரிய இன்டர்சேஞ்சின், அதாவது இரண்டு விரைவுச்சாலைகள் மேலும் கீழுமாக இணைகிற சந்திப்பின் மிச்சம். வாஷிங்டன் ஏரிமேல் போகிற 520 நெடுஞ்சாலையின் மிதவைப் பாலம் 1963-ல் திறக்கப்பட்டது. ஆர்.எச்.தாம்சன் என்ற பழைய நகரப் பொறியாளரின் பெயரில் தெற்கு வடக்காக இன்னொரு விரைவுச்சாலை போடுவதாகத் திட்டம். இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் இதுதான். அந்தச் சாலை வருவதற்கு முன்பே அதற்கான சாய்வுப் பாதைகளைக் கட்டி முடித்துவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகுமுன் பந்தக்கால் நட்ட கதை. சாலை கடைசிவரை வரவேயில்லை.

ஏரிக்கு அக்கரையில் ரெட்மண்டில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இந்தப் பூங்காவை ஒட்டிய மான்ட்லேக் பகுதியின் நெரிசலில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் போட்டுப் புலம்புவார். “அந்தச் சாலையை அன்றைக்கே கட்டித் தொலைத்திருந்தால் நான் இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்” என்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் அவர் பக்க நியாயம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வண்டிகளுக்கு இந்தப் பக்கம் இருப்பது மான்ட்லேக் பவுல்வர்டு. அதில் வடக்கே போனால் 1925-ல் கட்டிய, கப்பல் வந்தால் தூக்குகிற பாலம். ஏரி மதகை எவ்வளவு அகலமாகத் திறந்தால் என்ன, வாய்க்கால் அதே வாய்க்கால்தானே? தெற்கே போகிறவர்களுக்கு இந்த மிச்சச் சாய்வுப் பாதைகளில் சில பல ஆண்டுகள் பயன்பட்டன. அவை இறக்கிவிட்ட இடம் லேக் வாஷிங்டன் பவுல்வர்டு. பூங்காக்களை வடிவமைக்கும் ஓம்ஸ்டெட் நிறுவனம் மரங்களுக்கு நடுவே உல்லாசமாகப் போய்வர வகுத்த சாலை அது. காலை எட்டு மணிக்கு அதில் உல்லாசம் எதுவும் இருக்கவில்லை. பெரிய இன்டர்சேஞ்சும் அதற்குப் பிறகு ஒரு விரைவுச்சாலையும் வந்திருந்தால் இந்த வண்டிகள் வீதிக்குள் நுழையாமலே போயிருக்கும் என்பது பொய்யல்ல.

இப்போது கீழே வாருங்கள். நான் நிற்கிற இந்தச் சதுப்பு நிலம், அதோ அந்த மரக்கட்டையில் வெயில் காய்கிற ஆமை, இந்தப் பக்கம் படகு தள்ளுகிற அம்மா, எல்லாம் அந்தச் சாலை வரவிருந்த தடத்தில் இருக்கின்றன. தெற்கே அது கறுப்பின மக்கள் வாழ்ந்த சென்ட்ரல் டிஸ்ட்ரிக்டைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். ஆயிரக்கணக்கானோர் வீட்டை இழக்க வேண்டியிருந்தது. 1969-ல் எதிர்ப்பு திரண்டபோது, பூங்காவைக் காக்க நினைத்த வசதியானவர்களும் வீட்டைக் காக்க நினைத்த கறுப்பின மக்களும் ஒரே பக்கம் நின்றார்கள். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்களும் அதில் உண்டு. 1960-ல் இதற்குப் பணம் திரட்டச் சம்மதித்து வாக்களித்த அதே நகரம் 1972-ல் வேண்டாம் என்று வாக்களித்தது.

நான் ஆலந்தூர்க்காரன். கத்திப்பாரா மேம்பாலம் 2008-ல் திறந்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறவர்கள் சர்ரென்று ஏறி இறங்கிப் போனார்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற கடைக்கு நடந்து போக வேண்டிய என் பெரியம்மாதான் மூச்சு வாங்கினார். அந்த இலை வடிவத்தை வானத்திலிருந்து படம் எடுத்துப் போடுகிறவர்கள் யாரும் பெரியம்மாவின் உயரத்திலிருந்து படம் எடுத்து நான் பார்க்கவில்லை.

அதனால் கட்டாமல் விட்டதே நல்லது என்பேன். ஆனால் எதிர்த்தவர்களை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம், அதே காலத்தில் ரயில் திட்டமும் வாக்கெடுப்புக்கு வந்தது, 1968-ல் ஒருமுறை, 1970-ல் ஒருமுறை. முதல்முறை பாதிப்பேருக்குச் சற்று மேல் ஆதரித்தார்கள், ஆனால் அறுபது சதவீதம் வேண்டுமே! இரண்டாம்முறை அந்தப் பாதியும் கிடைக்கவில்லை. இங்கே வர வேண்டிய மத்திய அரசுப் பணம் அட்லாண்டாவுக்குப் போனது. சாலையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம் என்றால் வண்டிகள் எங்கே போகும்? மான்ட்லேக் வீட்டு வாசல்களுக்குத்தான். பக்கத்தில் பல்கலைக்கழக ரயில் நிலையம் 2016 மார்ச்சில்தான் திறந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு! அதற்கு அடுத்த மாதம் புதிய மிதவைப் பாலமும் திறந்தது. கார் எண்ணைப் படம் பிடித்து நேரத்துக்குத் தக்கபடி கட்டணம் வாங்குகிறார்கள். நண்பர் அதற்கும் புலம்புவார்.

இப்போது காருக்கு வந்துவிட்டேன், வீட்டுக்குக் கிளம்புகிறேன். கேமராவை முன்கண்ணாடியில் மாட்டியிருக்கிறேன். இதோ தூக்குப் பாலம். வார நாட்களில் நெரிசல் நேரத்தில் உல்லாசப் படகுகளுக்காகத் தூக்க மாட்டார்கள். இன்று சனிக்கிழமை. மணி அடிக்கிறது கேட்கிறதா? தடுப்புக் கட்டை இறங்குகிறது. கைப்பிடிச் சுவருக்கு மேலே வெள்ளையாக ஒரு பாய்மரம் மட்டும் தெரிகிறது, அதற்குக் கொஞ்சமும் அவசரமில்லை. எனக்கு முன்னால் பன்னிரண்டு வண்டிகள். இன்ஜினை அணைத்துவிட்டேன். நண்பருக்குப் போன் போடலாம் என்றிருக்கிறேன்.