மதவெறிக்குக் காரணம் அறியாமையா, நவீனமா? – ‘நவீனமே’ அணியின் உரை

நடுவர் அய்யாவுக்கும் அவைக்கும் வணக்கம். மயிலாப்பூர்ல சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் பிடிச்சு வந்து உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்குத் தனி வணக்கம்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “அக்கா நவீனத்தைத் திட்டுறாங்க, அதையும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திட்டுறாங்க. அதை அணைச்சிட்டுப் பேசச் சொல்லுங்க”ன்னார். நீங்களும் கை தட்டினீங்க, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். தம்பி, மைக்கை அணைச்சா நஷ்டம் எனக்கில்ல. எங்க வீட்டுக்காரர் முன்வரிசையிலதான் இருக்கார். மைக் இல்லாமலே இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கார்.

மைக்கை விடுங்க, கேசட்டுக்கு வருவோம். ஈரான்ல ஷா மன்னர் 1963-ல ‘வெண்புரட்சி’ன்னு ஆரம்பிச்சார். நிலச் சீர்திருத்தம், தொழிற்சாலை, பெண்களுக்கு ஓட்டு. குறை சொல்ல முடியுமா? ஆனா கிராமத்துல பிழைப்பில்லாம டெஹ்ரான் ஓரத்துக் குடிசைக்கு வந்தவனைச் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்க மசூதியை விட்டா யாரு இருந்தா? 1978-ல மன்னரை எதிர்த்து நாடு கடத்தப்பட்ட மதகுரு கொமேனி, பாரிஸ் பக்கத்துக் கிராமத்துல உட்கார்ந்து பேசினது போன்ல போய், கேசட்ல பதிஞ்சு, ஈரான் கடைத்தெருவெல்லாம் சுத்துச்சு. அடுத்த வருஷமே மன்னர் நாட்டை விட்டுப் போனார். தம்பி, கொமேனி மைக்கை அணைச்சிட்டா பேசினார்?

“படிக்காதவன்தான் குண்டு வைப்பான்”னும் சொன்னீங்க. 1995-ல டோக்கியோ சுரங்க ரயில்ல சாரின் விஷவாயு விட்ட ஓம் ஷின்ரிக்கியோங்கிற மதக் கூட்டத்துல டாக்டர் உண்டு, இயற்பியல் படிச்சவன் உண்டு. 2001-ல நியூயார்க்ல விமானத்தை மோதின முகமது அத்தா, ஜெர்மனியில நகரமைப்பு படிச்சவன். இன்னும் இருக்கு, ஆனா நடுவர் மணி மேல கை வைக்கிறார்.

எங்கம்மா கதைக்கு வர்றேன். நாகூர் பக்கம் எங்க ஊரு. எனக்குக் காய்ச்சல்னா, பொழுது சாஞ்சதும் நடக்கிற மக்ரிப் தொழுகை முடியற நேரம் அம்மா என்னையும் இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு டம்ளர் தண்ணியோட பள்ளிவாசல் வாசல்ல நிப்பாங்க. தொழுதுட்டு வர்றவங்க ஒவ்வொருத்தரா ஓதி ஊதிட்டுப் போவாங்க. நெத்தியில குங்குமம், கையில டம்ளர்! காய்ச்சல் போச்சான்னா, டாக்டர் மாத்திரையில போச்சு. அது வேற.

அந்த அம்மாவை ஓ.எம்.ஆர்.ல பதினாலாவது மாடிக்குக் கூட்டிட்டு வந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து பார்த்ததில்ல. பேச்சுத்துணைக்குப் போன் வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் குட் மார்னிங் ரோஜாப்பூ. ரெண்டாவது வாரம் முருகன். மூணாவது வாரம் ரோஜாப்பூ மேல முருகன். ஆறாவது மாசம், காய்கறி வண்டிக்காரர் பேரைக் கேட்டுட்டுத்தான் கத்தரிக்காய் வாங்குறாங்க! கத்தரிக்காய்க்கு என்னம்மா மதம்னேன். “குரூப்ல போட்டிருக்காங்கடி.” யார் போட்டது? “நம்மாளு.” பேரு? தெரியாது. ஊரு? தெரியாது. பேரு, ஊரு, பேத்தி கல்யாணம் வரைக்கும் தெரிஞ்சவங்க ஊதின தண்ணியில வளர்ந்தவ நான். அவங்க இப்போ நம்மாளு இல்லையாம்!

மணி அடிங்க அய்யா, முடிச்சிடறேன்.

போன மாசம் என் மகனுக்குக் காய்ச்சல், 102. பொழுது சாயுற நேரம். அம்மா எழுந்தாங்க, டம்ளர்ல தண்ணி பிடிச்சாங்க, கதவு வரைக்கும் போனாங்க. நான் மூச்சு விடாம பார்க்கிறேன். போன் ‘டிங்’குன்னுச்சு. டம்ளரைச் செருப்பு ஸ்டாண்டு மேல வச்சுட்டுப் படிக்க உட்கார்ந்துட்டாங்க.

விடிஞ்சு பார்த்தா தண்ணி அப்படியே இருக்கு. கொட்டறதுக்கு எனக்கு மனசு வரலை அய்யா. வணக்கம்.