மூக்கு சொன்ன பொய்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கைதட்டத் தயாராக வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். போட்டிக் குணம் முகத்தில் தெரியாது என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் என்னைக் காட்டி, "பல் பிடுங்கக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருக்கிறார், இவரா போட்டிக்கு வந்தவர்?" என்று கேட்டார். ஐயா, நீங்கள் பேசியது இருபது நிமிடம். பிடுங்கியும் போடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், முகம் வேறு எப்படி இருக்கும்?

ஆதாரமும் காட்டினார். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் முகங்களை அளந்து 2008-இல் ஓர் ஆய்வு வந்ததாம். அகல முகக்காரர்கள் அதிக நேரம் தண்டனை வாங்கினார்களாம். தண்டனை வாங்கியவர் வெளியே அல்லவா உட்கார்ந்திருப்பார்! அது போட்டிக் குணமா, ஓய்வா?

நான் ஒரு மூக்கைக் காட்டுகிறேன். 1831. பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய், முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் லாவட்டரின் சீடர். உடன் வர ஓர் இளைஞர் வந்தார். கேப்டன் மூக்கைப் பார்த்தார். 'இந்த மூக்குக்காரருக்கு இவ்வளவு பெரிய பயணத்துக்கு ஊக்கம் இருக்குமா, உறுதி இருக்குமா?' என்று சந்தேகம் வந்துவிட்டது. பின்வரிசைக்காக மறுபடி சொல்கிறேன்: மூக்கு! சளி பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அந்த மூக்கின் உரிமையாளர் பெயர் சார்லஸ் டார்வின். உயிர் வாழ்வதே ஒரு போட்டி என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். அவர் முகத்திலேயே ஊக்கத்தைக் காணோமாம்! கிட்டத்தட்ட ஐந்து வருடம் அந்தக் கப்பலில் மூக்கும் போனது, அவரும் போனார். தம் மூக்கு பொய் சொல்லிவிட்டதைக் கேப்டன் பிறகு உணர்ந்திருப்பார் என்று டார்வினே எழுதிவைத்திருக்கிறார்.

மணி அடிக்கிறீர்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

சிறுவயதில் தினமும் அப்பாவுடன் சதுரங்கம் ஆடுவேன். குதிரையைத் தூக்குவார். கை அந்தரத்தில் கொஞ்சம் நிற்கும். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்துவார். நான் ஜெயிப்பேன். பாவம், ஆடத் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வேன். அவர் போன பிறகு துக்கம் கேட்க வந்த நண்பர் ஒருவர் சொன்னார்: "முப்பது வருடம் ஆடியிருக்கிறோம். உன் அப்பாவிடம் ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை."

பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில் இருந்த முகம், நடுவர் அவர்களே. எனக்குத் தெரியவில்லை.