தேதி போடாத செய்முறை

வணக்கம் நேயர்களே.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியதும் பட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறோம். பால் பாக்கெட்டிலும் பார்க்கிறோம், ரொட்டியிலும் பார்க்கிறோம். ஆனால் கணினியோ கைபேசியோ மக்கர் செய்யும்போது இணையத்தில் தேடி, கிடைத்த செய்முறையை வரிவரியாகப் பின்பற்றுகிறோமே, அது எந்த வருடம் எழுதியது என்று பார்க்கிறோமா? பார்க்க நினைத்தாலும் பல இடங்களில் தேதியே இருக்காது. எழுதியவரே எடுத்திருப்பார். தொழில்நுட்பம் எழுதுகிறவர்கள் தேதி போட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இன்றைய பேச்சு. போட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுத் தொலைபேசியிலிருந்து உள்ளூர்க் கைபேசியைக் கூப்பிட ஒரு காலத்தில் பத்து இலக்கம் போதும். 2021 ஜனவரி 15 முதல் முன்னால் ஒரு பூஜ்யம் கட்டாயம். "பத்து இலக்கத்தை அழுத்துங்கள்" என்று 2015இல் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது சரி. தேதி இருந்தால் படிக்கிறவருக்கு அது புரியும். இல்லாவிட்டால், தன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய செய்முறை வேலை செய்யாதபோது, படிக்கிறவர் செய்முறையைச் சந்தேகிப்பதில்லை, தன்னைத்தான் சந்தேகிக்கிறார். "நமக்குத்தான் கம்ப்யூட்டர் வராது" என்று ஒதுங்கிப் போகிறவர்களில் பலர் உண்மையில் காலாவதியான குறிப்பைப் பிழையில்லாமல் பின்பற்றியவர்கள்.

கணினியில் தமிழ் படிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யூனிகோடு தமிழ், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டில் எழுதிய தமிழ், ஒழுங்காகத் தெரிய ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. கன்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று வரும் சின்னக் கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி குறுந்தட்டைச் செருகி, கணினியை அணைத்துப் போட வேண்டும். செய்யாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2007இல் அடுத்த விண்டோஸான விஸ்டா கடைக்கு வந்தபோதே அந்த வசதி உள்ளேயே சேர்ந்து வந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கட்டமே கிடையாது. தேதி இல்லாத பழைய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கணினியில் அந்தக் கட்டத்தைத் தேடுகிறவர் எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் அப்படித்தான். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அதற்கப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். பழைய குறிப்பு, எழுத்துருவை இறக்கி நிறுவச் சொல்லும். நிறுவினால் அந்தக் கணினியில் தமிழ் தெரியும்தான். அதையே வாட்ஸப்பில் அனுப்பினால் எதிர்முனையில் மறுபடியும் ஜே, கே, பி, ஓ. இன்றைக்குச் சரியான வழி, எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிவிடுவது. கணினியில் தமிழ் எழுத்தைக் குறிக்க 1999இல் தமிழக அரசு ஏற்ற தரங்கள் டாம், டாப். 2010இல் அவற்றுக்குப் பதிலாக யூனிகோடும் டேஸ் 16உம் அரசுத் தரமாயின. "அரசுத் தரம் டாப்" என்ற வாக்கியம் 2003இல் சரி, 2013இல் தவறு. வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேலை செய்யாமல் நின்றுவிடுகிற ரகம். நின்றால் நமக்குத் தெரிந்துவிடும். வேலை செய்தபடியே தப்பாகப் போகிற ரகம்தான் பயங்கரம். பைதான் என்ற நிரல்மொழியில் 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால், பைதான் 2 தந்த விடை 3. பைதான் 3 தருவது 3.5. பழைய பைதானின் ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. முழு எண் விடை வரும் என்று நம்பி 2006இல் எழுதிய ஒரு கணக்கை இன்று ஒட்டினால், பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் வேறாகிவிடும். அதே போல, பயனர்களின் கடவுச்சொல்லை எம்டி5 என்ற கணக்கு முறையில் புரியாத எழுத்துக் கோவையாக மாற்றிச் சேமிக்கச் சொல்லும் பழைய பாடம் இன்றைக்கும் ஓடும். ஆனால் எம்டி5 கணக்கு மிக வேகமானது. அதனால் பட்டியல் திருடு போனால், ஊகித்து ஊகித்தே கடவுச்சொற்களைக் கறந்துவிடலாம்.

கணினியை விடுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் இருக்கிறதே, ஓ.ஆர்.எஸ்., அதில் ஒரு லிட்டருக்குச் சாதாரண உப்பு 3.5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம் என்பது பழைய அளவு. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 2.6 கிராம், 13.5 கிராம் என்று குறைத்தது. பெயர் அதே, அளவு வேறு. தேதி இல்லாத தாளில் எந்த அளவு இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்?

எதிர்க் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். "தேதி போட்டால் பழசு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், நல்ல கட்டுரை வீணாகிறது" என்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஓம் விதிக்கு வயதாகாது. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறைக்கும் வயதாகாது. அப்படியானால் முதல் வரியிலேயே "இது எந்தப் பதிப்பையும் சார்ந்ததல்ல" என்று எழுதலாமே. வயதை மறைத்து எதற்கு இளமை காட்ட வேண்டும்?

தேதியின் அருமை தெரிய வேண்டுமானால் உத்திரமேரூர் போக வேண்டும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. இரண்டுமே, குடவோலை போட்டு ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிமுறை. முப்பது குடும்பு, அதாவது ஊரின் முப்பது பிரிவுகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது என்று படிப்படியாகச் சொல்லும் சுத்தமான செய்முறை. ஒன்றில் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். மற்றொன்றில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஒரே ஊர், ஒரே கோயில், முரண்படும் இரண்டு விதிகள். எதை நம்புவது? கல்லில் வெட்டியவர்கள் அதைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: ஒன்று மன்னனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, மற்றது பதினாலாம் ஆட்சியாண்டு. அதாவது 919, 921. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை, புதியதற்கு ஆண்டு போட்டு வெட்டினார்கள். அந்த யாண்டுக் கணக்கு மட்டும் இல்லையென்றால், கடைசியாக நின்ற விதி எது என்று ஆயிரம் வருடம் கழித்து நாம் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கல்லுக்கே ஆண்டு வேண்டியிருந்தது, நேயர்களே. வருடத்துக்கு ஒரு பதிப்பு மாறுகிற மென்பொருளுக்கு வேண்டாமா?

சரி, எப்படிப் போடுவது? எழுதிய தேதி ஒன்று, கடைசியாகச் செய்து பார்த்த தேதி ஒன்று. இரண்டாவதோடு எந்தப் பதிப்பில் செய்து பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். செய்து பார்க்காமல் தேதியை மட்டும் புதிதாக்குவது, காலாவதியான மாத்திரையில் புதுச் சீட்டு ஒட்டுகிற வேலை. அதைவிடப் பழைய தேதியே மேல். 03-04-2012 என்று எழுதாதீர்கள். இங்கே அது ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. 'இப்போது', 'சமீபத்தில்', 'புதிய பதிப்பில்' என்று எழுத வரும்போதெல்லாம் கையை நிறுத்தி, அந்த இடத்தில் வருடத்தையும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. தேதி இல்லாத குறிப்பு கிடைத்தால் படிக்கிறவர் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். படங்களில் தெரியும் திரை எந்தக் காலத்தது என்று பாருங்கள். கட்டளைகளில் பதிப்பு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கத்தின் முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டால், அது முதலில் சேமித்த நாள் தெரியும். கட்டுரை அதற்கும் முந்தையது. எதுவும் கிடைக்காவிட்டால், முக்கியமான கோப்புகளை நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

வணக்கம்.