பிளாஸ்கில் போன ரத்தம்

அவையோருக்கு வணக்கம்.

வைரஸ் ஆய்வாளர் என்றதும் உடல் முழுவதையும் மூடிய கவச உடைதான் நம் கண்முன் வரும். நான் இன்று பேச வந்திருக்கும் மனிதர் முதன்முதலாக எபோலா நோயாளியின் ரத்தத்தை எடுத்தபோது, அவர் கையில் கையுறைகூடக் கிடையாது.

ஜான்-ஜாக் முயெம்பே. காங்கோ நாட்டவர். கின்ஷாசாவில் மருத்துவமும், பெல்ஜியத்தில் வைரஸ் ஆய்வில் முனைவர் பட்டமும் முடித்துத் தாய்நாடு திரும்பியவர். 1976இல் யம்புக்கு என்ற சிற்றூரின் மிஷன் மருத்துவமனையில் இனம் தெரியாத காய்ச்சலில் ஆட்கள் மடிவதாகத் தகவல் வர, அவரை அனுப்பினார்கள். ரத்தம் எடுத்து ஊசியை உருவினால் குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. விரலெல்லாம் வழிந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார், அவ்வளவுதான். இறந்தவர்களின் கல்லீரலிலிருந்தும் திசு எடுத்தார். அவர் பிழைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

அந்த மருத்துவமனையில் காலையில் ஐந்தே ஐந்து சிரிஞ்சுகள் கொடுப்பார்களாம். நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவைதான். குணமாக வந்தவர்களுக்கு ஊசி வழியாகவே நோய் ஏறியது. 318 பேருக்கு நோய். 280 பேர் மாண்டார்கள். வறுமை நோயைப் பரப்பும் விதத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சம்பவம் எனக்குத் தெரியாது.

நோயுற்ற கன்னியாஸ்திரீ ஒருவரை முயெம்பே கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அந்தக் கன்னியாஸ்திரீயின் ரத்தம் ஒரு பிளாஸ்கில் பெல்ஜியம் போயிற்று. புதிய வைரஸ் அடையாளம் காணப்பட்டது. ஊருக்குப் பழி வரக்கூடாதென்று எபோலா என்ற ஆற்றின் பெயரை வைத்தார்கள். கண்டுபிடிப்பின் பெருமை பல காலம் வெளிநாட்டவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. களத்தில் ரத்தம் எடுத்த கையைப் பலர் மறந்தே போனார்கள்.

1995. கிக்விட் நகரில் மறுபடி எபோலா. மருந்து எதுவும் இல்லை. பிழைத்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்குமே என்று அதை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லையே, இது எப்படி நிரூபணமாகும் என்று விமர்சனம் எழுந்தது. அறிவியலில் அது நியாயமான கேள்விதான். ஆனால் முயெம்பே அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை.

கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து, பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஓர் எதிர்ப்புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. 2018இல் கிழக்குக் காங்கோவில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே அதைச் சோதித்தார்கள். இம்முறை ஒப்பிடும் குழுக்களும் இருந்தன. இதற்கு முன்பே சோதனையில் இருந்த வேறொரு மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். இந்த மருந்தில் நூற்றுக்கு 35 பேர். உடலில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்துவிட்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேர்தான். எபோலா வந்தால் சாவுதான் என்று பயந்து வீட்டிலேயே ஒளிந்துகொண்ட மக்களிடம், ‘சீக்கிரம் வாருங்கள், பிழைக்கலாம்’ என்று முதன்முறையாகச் சொல்ல முடிந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கா இந்த மருந்துக்கு ஒப்புதல் தந்தது.

1998 முதல் கின்ஷாசாவிலுள்ள தேசிய உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தை அவர் நடத்திவந்தார். அங்கே அவர் எடுத்த ஒரு முடிவு என் மனத்தில் ஆழமாக நிற்கிறது: காங்கோவில் எடுக்கும் ரத்த மாதிரிகளை இனிக் காங்கோவிலேயே பரிசோதிக்க வேண்டும்.